ஆறு மணித்தியாலத் தண்ணீர்

“என்ட கணக்கில பிழை இல்ல,” என்றாள் கேதீஸ்வரி. சங்கத்துக் கணினியில் தண்ணீர்க் கணக்குப் போடுகிறவள் அவள். விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

நகரத்துக் கந்தோரிலிருந்து கணக்கைச் சரிபார்க்க வந்திருந்த துசாந்தினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வேலை போகப்போகிற நேரத்தில் இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு திமிர் எங்கிருந்து வருகிறது?

விவசாயச் சங்கக் கட்டடத்துக்குள் சனம் நிறைந்து நின்றது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு வட்டை விதானை கதிர்காமத்தம்பிக்கு. அவர் அச்செடுத்த தாளை மேசையில் ஓங்கி வைத்தார்.

“குளத்துக் கதவு எழுபத்திரண்டு மணித்தியாலம் திறந்து கிடக்கு. இந்தப் புள்ள ஆளாளுக்குப் போட்ட தண்ணி முறைய எல்லாம் கூட்டிப் பாத்தா அறுவத்தாறுதான் வருது. மிச்சத் தண்ணி சும்மா வாவிக்குள்ள விழுது மிஸ். எங்கட வேளாண்மை வாடுது.”

“பிழை அவளிலதான் எண்டா, நாளையிலிருந்து அவள் வரத் தேவல்ல,” என்றார் சங்கத் தலைவர் நாகரெத்தினம்.

துசாந்தினிக்கு மனம் கேட்கவில்லை. கணினி செய்கிற கூத்துக்கெல்லாம் அதன் முன்னால் இருக்கிற பெண்பிள்ளையின் தலை உருளுவதை அவள் எத்தனையோ கந்தோரில் பார்த்திருக்கிறாள். இவளை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

திரையில் இருபத்துச் சொச்சம் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏக்கர், அதற்கு எதிரே மணித்தியாலம். கடைசி வரியில் மட்டும் மணித்தியாலம் வெறுமையாகக் கிடந்தது.

“இது ஆருட காணி?”

“பீற்றிஸ்ட. வாவிக் கரையில இருக்கிற கடைசி வயல்,” என்றார் விதானை. “சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு அவள் வரல்ல. கூட்டத்துக்கு வராத ஆளுக்குத் தண்ணி முறை இல்ல. அது எங்கட வயல் வட்டைக் கட்டுப்பாடு.”

“அண்டைக்கு அவள் புள்ளையோட ஆசுபத்திரியில கிடந்தவள்,” என்றாள் கேதீஸ்வரி.

“கட்டுப்பாடு எண்டா கட்டுப்பாடுதான்.”

துசாந்தினி அந்தச் சண்டைக்குள் போகவில்லை. ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்தாள். மூன்று தசம் நான்கு வரவேண்டிய இடத்தில் மூன்று நின்றது. இரண்டு தசம் ஒன்பது இரண்டரையாகச் சுருங்கியிருந்தது. எல்லாருக்கும் குறைந்திருந்ததே தவிர, ஒருவருக்காவது கூடியிருக்கவில்லை. காரணம் அகப்பட்ட சந்தோசத்தில் அதற்குமேல் அவள் துருவவில்லை.

“கண்டுபிடிச்சிட்டன்,” என்று நிமிர்ந்தாள். “இது மட்டந்தட்டுறதில வந்த வழு. ஏக்கர்ப்படி பிரிச்சா மணித்தியாலம் தசமத்தில வரும். மெஷின் அந்தத் துண்டுகள வெட்டிப்போட்டு அரை மணித்தியாலக் கணக்கா ஆக்கியிருக்கு. ஒரு ஆளுக்குக் கொஞ்சம்தான், எல்லாருக்கும் சேத்தா ஆறு. கேதீஸ்வரியில ஒரு குற்றமும் இல்ல.”

கூட்டத்தில் இறுக்கம் தளர்ந்தது. விதானையின் முகத்தில் அசடு வழிந்தது.

“அப்ப மெஷின்ட வேலையா இது. நான் வீணாப் புள்ளையப் பேசிப்போட்டன். நீங்க அதச் சரிபண்ணித் தாங்க மிஸ், அவள் வேலையில இருக்கட்டும்.”

நாகரெத்தினமும் தலையை ஆட்டினார். துசாந்தினி மனம் நிறைந்து சூத்திரத்தை மாற்றக் கையை வைத்தாள். அந்தக் கையைக் கேதீஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

“அதத் தொடாதீங்க மிஸ்.”

“ஏன்? நீங்க தப்பிட்டீங்க. பேசாம இருங்க,” என்று துசாந்தினி அவள் காதுக்குள் கடிந்துகொண்டாள்.

கேதீஸ்வரி எழுந்தாள். விதானையை நேருக்கு நேர் பார்த்தாள்.

“மெஷின் ஒண்டும் செய்யல்ல விதானையார். அந்த ஆறு மணித்தியாலத்தையும் பீற்றிஸ்ட வயலுக்கு நான்தான் வெட்டினன்.”