ஒற்றைத் தோல்

பத்துப் பன்னிரண்டு அம்புகள் சடசடவென்று மரத்தரையில் கொட்டின. முதுகில் அம்பறாத்தூணியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்த லோர்னா, மெல்ல நிமிர்ந்தாள்.

"குனிஞ்சா இப்படித்தான் கொட்டுமா?"

"எங்க ஊர்ல பாதிப் பேர் மானைத் தேடறதைவிட அம்பைத்தான் அதிகமாத் தேடறாங்க" என்று சிரித்தபடியே பொறுக்கி மேசையில் போட்டார் ஹாவிஸ்டோ. நல்லவேளை, எல்லாம் முனை மழுங்கிய பயிற்சி அம்புகள். அந்த ஏரிக்கரை ஊரில் முப்பது வருடமாக அம்பறாத்தூணி தைத்து விற்பவர் அவர். வில் வேட்டை தொடங்க இன்னும் நான்கே நாட்கள் இருந்தன.

கணவருக்கு எது சரிப்படும் என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள் லோர்னா. அதற்காக நான்கு மணி நேரம் காரோட்டி வந்திருந்தாள். அவள் போட்டிருந்ததும் ஓர் ஆணின் வேட்டைக் கோட்டுதான். கைகளை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தாள். வலப் பக்கம், பைக்குக் கீழே, புதுத் துணியில் ஓர் ஒட்டு.

வில்லோடு சேர்த்துப் பொருத்துகிற வகையைக் காட்டினார். வில் கனக்கும் என்று ஒதுக்கினாள். இடுப்பில் தொங்குவதை, உள்ளே இன்னொரு தோல் கொடுத்துத் தைத்ததை நீட்டினார். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அதையும் வைத்துவிட்டாள். அவள் கண், சுவர் ஆணியில் தொங்கிய பழைய இடுப்புத் தூணி ஒன்றின் மேல் நின்றது.

"அது?"

"அது விக்கிறதுக்கு இல்லம்மா. ஒத்தத் தோல். பயிற்சி அம்பு போட்டு வெச்சிருக்கேன்."

"லேசா இருக்கும்ல?"

லேசாகத்தான் இருக்கும். ஆனால் வேட்டை அம்பின் முனை சவரக் கத்தி மாதிரி, நடக்க நடக்க உள்ளிருந்தே தோலை அறுத்துக்கொண்டிருக்கும் என்று விளக்கினார் ஹாவிஸ்டோ. வெளியே ஒன்றும் தெரியாது. விழுந்து கிடக்கிற மரத்தைத் தாண்டும்போதோ, சறுக்கி உட்காரும்போதோ ஒரே அழுத்தில் வெளியே வந்துவிடும்.

"வந்தா?"

"பக்கத்துல தொடைதானே இருக்கு."

"தொடைல இறங்கினா எவ்வளவு நேரம் தாங்கும்?"

ஹாவிஸ்டோ அவளை ஒரு மாதிரி பார்த்தார். பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் ஐந்து நிமிடம், பக்கத்தில் ஆள் இருந்தால் கட்டுப் போட்டுப் பிழைக்க வைக்கலாம் என்றார்.

"எங்க வீட்டுக்காரர் தனியாத்தான் போவார். அந்தக் காட்டுல போனும் எடுக்காது." நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். "அதையே எடுங்க, பார்க்கலாம்."

ஹாவிஸ்டோ மனதுக்குள் கணக்குப் போட்டார். நான்கு நாள் கழித்து, இவள் தேர்ந்தெடுத்ததை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் தனியாகக் காட்டுக்குள் போவான். திரும்பி வர மாட்டான். ஆள் கவனமில்லை, விபத்து என்று எழுதி ஷெரீப் அலுவலகப் போலீசார் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஆணியிலிருந்து அதைக் கழற்றித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வீட்டில் ஏதாவது தகராறா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இருபத்தாறு வருஷம். ஒரு நாள்கூட முகம் திருப்பிக்கிட்டுப் படுத்ததில்ல" என்றாள்.

அவர் நம்பவில்லை. எப்படியாவது இவள் மனதை மாற்றியாக வேண்டும். ஓர் உயிர் விஷயம்.

"நான் கண்ணால பார்த்தவன்மா. போன வருஷம் ஜூலைல ஒண்ணு ரிப்பேருக்கு வந்துச்சு. உள்ள கையை விட்டேன், விரல் வெளிய வந்துச்சு. கொண்டு வந்தவனுக்கு நல்ல நேரம், பேன்ட் மட்டும்தான் கிழிஞ்சிருந்தது. இனிமே ஒத்தத் தோல்ல ஒண்ணுகூட இந்தக் கடையை விட்டுப் போகக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"ஜூலைலயா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஜூலை நாலு, சுதந்திர தின வாணவேடிக்கை முடிஞ்ச வாரம். எப்படி மறப்பேன்?"

"அதுக்கு முன்னாடியே தைச்சு வெச்சிருந்ததெல்லாம்?"

ஹாவிஸ்டோ மேசையில் சிதறியிருந்த அம்புகளை ஒழுங்குபடுத்தினார். ஒழுங்காக இருந்ததை மறுபடி ஒழுங்குபடுத்தினார்.

"எல்லாத்தையும் அன்னிக்கே வெட்டி அடுப்புல போட்டுட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம்."

லோர்னா தலையை ஆட்டினாள். காலடியில் வைத்திருந்த பையைத் திறந்து, ஷெரீப் அலுவலக முத்திரை குத்திய பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

உள்ளே ஓர் அம்பறாத்தூணி. வாரில் ஹாவிஸ்டோவின் சின்னம் தெளிவாகத் தெரிந்தது. கீழ்ப்பகுதியில், இடுப்பில் கட்டினால் அவள் கோட்டின் ஒட்டு வருகிற அதே உயரத்தில், விரல் நீளத்துக்குக் கிழிசல். அதைச் சுற்றித் தோல் கறுத்து விறைத்துப் போயிருந்தது.

"அப்போ, போன வருஷம் செப்டம்பர்ல என் புருஷனுக்கு நீங்க வித்தது எது?"