ஒன்பதாவது கேள்வி

"உங்க வகுப்புல ஒரு பிள்ளை சாகணும்னு நினைக்குது சார்" என்றாள் பள்ளியின் உளவியலாளர், குரலைத் தாழ்த்தி.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் கையிலிருந்த சாக்பீஸைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். கேள்வித்தாளைப் பார்த்தா சொல்கிறீர்கள் என்று கேட்டார். யாராவது ஒரு வாலுப்பையன் விளையாட்டுக்கு எழுதிப் போட்டிருப்பான், விட்டுவிடுங்கள் என்றார்.

அவளால் விட முடியவில்லை. மாணவர்களின் மனநிலை பற்றிய ஆய்வுக்காக எல்லா வகுப்புகளுக்கும் அந்தத் தாளைத் தந்திருந்தாள். பெயர் எழுதச் சொன்னால் பிள்ளைகள் பொய் சொல்வார்கள் என்பதால் பெயருக்கே இடம் வைக்கவில்லை. வகுப்பாசிரியரே தாளைக் கொடுத்து, திரும்ப வாங்கி, உறையிலிட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். புதன்கிழமை அப்படித்தான் நடந்தது. இந்த வகுப்பில் முப்பத்தொரு பேர், உறையில் முப்பத்தொரு தாள். எண்ணி, சரியென்று எழுதியும் வைத்திருந்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை மதியம்தான் படிக்க நேரம் கிடைத்தது. ஒரு தாளில், 'உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?' என்ற ஒன்பதாவது கேள்விக்கு, 'தினமும்' என்ற கட்டத்தில் அழுத்தமான ஒரு டிக். 'வீட்டில் உங்களிடம் பேச யாராவது உண்டா?' இல்லை. 'பள்ளிக்கு வரப் பிடிக்குமா?' மிகவும். அடுத்த இரண்டு நாள் பள்ளி விடுமுறை.

போன வருடம் வேறொரு பள்ளியில் இதுபோன்ற தாளை வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு, திங்களன்று விசாரிக்கலாம் என்று எடுத்துவைத்தாள். திங்களன்று விசாரிக்க அந்தப் பையன் இல்லை.

விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில், பந்துக் கூடைகளுக்கு நடுவே இரண்டு நாற்காலிகளைப் போட்டாள். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஆளுக்கு நான்கு நிமிடம். வகுப்பாசிரியரே ஒவ்வொருவராக அழைத்து வந்தார். பிள்ளைகளைச் சிரிக்கவைப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பள்ளியில் ஆளில்லை. "போடா, ஊசியெல்லாம் போட மாட்டாங்க. போட்டாலும் உன் தோலுக்குள்ள இறங்காது" என்று வாசலில் நின்று ஒருவனை உள்ளே தள்ளினார்.

முதல் பத்துப் பேரிடம் ஒன்றும் தேறவில்லை. ஒருத்தி கேட்பதற்கு முன்பே அழுதாள், கணக்கில் ஃபெயில். புதன்கிழமை காய்ச்சலில் படுத்திருந்ததாகவும் தாளையே பார்க்கவில்லை என்றும் ஒருவன் சொன்னான். வீட்டில் பேச ஆள் உண்டா என்றதற்கு, அம்மா வாயை மூடுவதே இல்லை, அதுதான் தன் பிரச்சினையே என்றான். அவள் சிரித்து, அவன் பெயருக்கு நேரே கோடு போட்டு அனுப்பினாள்.

'ரேடியோ' என்று வகுப்பே கூப்பிடும் பெண் வந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்தபோது உளவியலாளர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டாள். இரண்டு நிமிடம் பொறுத்து, "நேத்து பல்லு பிடுங்கினாங்க மிஸ்" என்றாள் அந்தப் பெண், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

மூன்றரை மணிக்கு முப்பத்தொரு பேரையும் பார்த்து முடித்தாள். அந்தத் தாள் தன்னுடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நேருக்கு நேர் கேட்டால் பாதிப் பேர் மறைப்பார்கள் என்று அவளே தன் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறாள்.

கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளையை என்ன செய்வீர்கள், டீசி கொடுத்து அனுப்பிவிடுவீர்களா என்று வகுப்பாசிரியர் கேட்டார். யாரையும் அனுப்பப் போவதில்லை, இன்று ராத்திரி தனியாக விடாமல் பார்த்துக்கொள்வோம் என்றாள்.

"அது மட்டும் போதுமா?"

"இன்னைக்கு அது போதும் சார். மத்தத நாளைக்குப் பாத்துக்கலாம்."

நான்கு மணிக்கு மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்பை மட்டும் வெளியே விட வேண்டாம் என்று தலைமையாசிரியையிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள். போன் போட்டு வரவழைத்த பெற்றோர் ஒவ்வொருவராக மேலே வர வேண்டும், ஒவ்வொருவரிடமும் அவள் விஷயத்தைச் சொல்லி, பிள்ளையைக் கையில் ஒப்படைப்பாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

முதலில் வந்த தகப்பன் விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே சத்தம் போட்டார். யார் வீட்டுப் பிள்ளையோ பைத்தியமானதற்குத் தன் பிள்ளையை ஏன் அடைத்துவைக்க வேண்டும் என்று கேட்டார். ஜன்னல் வழியாக அது வகுப்புக்குள் போனது.

உள்ளே பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். பின்பெஞ்சிலிருந்து, "நம்ம ரேடியோதான்டா, ரிப்பேர் ஆயிடுச்சு" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு பரவியது. பக்கத்தில் இருந்தவள் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். பல் பிடுங்கிய பெண் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

வகுப்பாசிரியர் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் அதட்டவில்லை. பிறகு உளவியலாளரைச் சாமான் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளைங்கள அனுப்பிடுங்க மேடம். அந்தத் தாள் என்னோடது."