தங்கை வீட்டுக்குப் போகிற கார்

"நிறுத்துடா! வண்டி மூச்சு வாங்குது, உன் காதுல விழலையா?"

மகன் காரை ஓரங்கட்டினான். முன்பக்க மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர் அவர். பெற்ற பிள்ளைக்கோ ஸ்டியரிங்கைப் பிடிக்க மட்டும்தான் தெரியும்.

"கிளம்பறப்போ தண்ணி பார்த்தியா?"

"பார்த்தேன்பா."

"கிழிச்ச. இன்னைக்குன்னு பார்த்து இப்படி ஆகணுமா?"

மடியில் இருந்த சால்வைப் பொட்டலத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். தங்கைக்கு வாங்கியது. அப்பா விட்டுப்போன வீட்டுக்காகச் சண்டை போட்டு, அவளோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தப்பு தன் பேரில்தான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு இத்தனை காலம் பிடித்தது. இன்று நேரில் போய் அதை அவளிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மகன் நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிளைச் சாலையில் காரை மெல்லத் திருப்பினான். கொஞ்ச தூரத்திலேயே ஒரு ஒர்க் ஷாப் இருந்தது.

மெக்கானிக் மூடியைத் தூக்கியதுதான் தாமதம், பெரியவர் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தார்.

"ரேடியேட்டர் ஹோஸ் கிழிஞ்சிருக்கு. அதோ, வளைவுல பாரு."

"ஆமாங்கய்யா," என்றான் மெக்கானிக். "புதுசு இங்க இல்ல. வரவழைக்கணும், நாளைக்குத்தான் கிடைக்கும்."

"டேப்பைச் சுத்தித் தண்ணி ஊத்தினா?"

"நீங்களே சொல்லுங்கய்யா. அவ்வளவு தூரம் தாங்குமா?"

பெரியவர் யோசித்தார். வண்டி விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு வராது.

"தாங்காது. வீடு வரைக்கும் வேணா உருட்டிக்கிட்டுப் போகலாம்."

சொல்லி முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"அவ வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாடா. போன் பண்ணி, அண்ணன் நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்னு சொன்னாருன்னு சொல்லு."

"சொல்லிடறேன்பா. நீங்க போய் உட்காருங்க."

பெரியவர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பொட்டலத்தின் காகிதம் ஓரமெல்லாம் நைந்திருந்தது. புதுச் சால்வையைப் பழைய காகிதத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறானே என்று கடைக்காரனையும் சேர்த்துத் திட்டினார்.

வெளியே, டேப்பைச் சுற்றிக்கொண்டே மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து ஃபேன் பெல்ட், இன்னைக்கு ஹோஸ். ஐயா கண்ணுல மண்ணைத் தூவ முடியாது, நிஜமாவே கெட்டதாத்தான் மாட்டணும். நாளைக்குக் காலையில வீட்டுக்கு வந்து எந்தப் பழசை மாட்டட்டும் சார்?"

"இதே ஹோஸ் இருக்கட்டும். அவருக்கு ஞாபகம் இருக்காது," என்றான் மகன். "அத்தை போன வருஷமே தவறிட்டாங்கன்னு ஒரு நாள் சொன்னேன், பொழுதுக்கும் அழுதாரு. மறுநாளும் பொட்டலத்தோட கிளம்பி நின்னாரு. திரும்பச் சொன்னேன், அப்பதான் முதல் தடவை கேக்கற மாதிரி அழுதாரு. அதுக்கு, தினம் வண்டி கெட்டுப்போறதே தேவலை."