ஒட்டுக் கழுத்து

ஸ்டெனிலாவின் பேஸ் கிடார் பிறப்பிலேயே குட்டைக் கழுத்து ரகம். அவள் விரல்களுக்கு எல்லா இடமும் எட்டும். கம்பி சற்றுத் தொய்வாக இருப்பதால் நாதம் கனத்து உருண்டு வரும். இசைக்குழு நடத்தும் பிரிட்டோவுக்கோ அது பொம்மையாகத் தெரிந்தது. அவளைக் கேட்காமலே ஒரு தச்சரை வைத்து, சுருதி கூட்டும் சாவிகளை மரப்பெட்டியால் மூடி, அதற்கு மேல் ஒரு சாண் கட்டையை ஒட்டி, கம்பியோடு சேராத நான்கு போலிச் சாவிகளையும் பதித்துவிட்டார்.

கல்யாண மேடையில் பல்லைக் கடித்துக்கொண்டு அதை வாசித்தாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் பிரிட்டோ மைக்கிலேயே கேட்டார்: “ஏம்மா, சுருதி இறங்கிக் கெடக்கே, காதுல விழலையா?”

சுருதி சரியாகத்தான் இருந்தது. அவரே வந்து, தான் பதிக்கவைத்ததையே மறந்து, போலிச் சாவி ஒன்றைத் திருகினார். “தட்டு.” தட்டினாள். இன்னும் கொஞ்சம் திருகினார். கண்ணை மூடிக் கேட்டார். “ஆங், இப்பச் சேந்துருச்சு.”

இந்த மனிதர் சொன்னதற்காகத்தான் இத்தனை வருஷம் தன் காதையே சந்தேகப்பட்டிருந்தாள்.

ஒட்டுக்கட்டையை மளுக்கென்று ஒடித்து அவர் கையில் வைத்தாள்.

“இந்தாங்கண்ணே. அடுத்த பாட்டுக்கும் நீங்களே சேத்துருங்க.”

மைக் அணையவில்லை.