அசல் கருங்காலி

"அண்ணி! இது என்ன கண்றாவி? மூக்கைத் தூக்கிட்டுப் போகுது!"

நாத்தனார் ஹவா போத்தலை ஆட்டினாள். கலங்கிய வினிகருக்குள் துருப்பிடித்த ஆணிகள் கலகலத்தன.

சிகுதானி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "கத்தித் தொலைக்காதேடி! மாமாவுக்காகத்தான் ஊற வெச்சிருக்கேன்."

"ஐயையோ! எங்கப்பாவுக்கு ஆணிக் கஷாயமா?"

"அவருக்கில்ல. அவரோட கைத்தடிக்கு."

மாமனார் நாலிங்கா தடியை வீட்டிலேயே விட்டுவிட்டு, மசாசி ஊரிலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மரவள்ளித் தழையை ஆடு மேய, கைக்குக் கிடைத்த அந்தத் தடியால் சிகுதானி ஓங்கி ஒரு போடு போட்டாள். ஆடு தப்பித்தது. தடி ரெண்டாகப் போனது.

"அண்ணி! இன்னிக்கு சாயங்காலம் என்னைப் பொண்ணு கேட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க! தடியில்லாம அப்பா சபையில வாயே திறக்க மாட்டாரே!"

"அதுக்குத்தான் இந்தப் பாடு."

மண்வெட்டிக் காம்பு ஒன்றைச் சீவித் தேய்த்து, பழைய தடியின் பித்தளைப் பூணை அதில் மாட்டி வைத்திருந்தாள் சிகுதானி. முதலில் திக்கான டீத்தண்ணியைப் பூசி உலர்த்தினாள். பிறகு ஆணி ஊறிய வினிகரைத் துணியில் நனைத்து ஒரு இழுப்பு.

பூசப் பூசக் கட்டை கறுத்துக்கொண்டே வந்தது. ஹவா குதித்தாள். "மந்திரக்காரி அண்ணி நீ!"

தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்ததும் தடி பளபளத்தது. ரெண்டு பேரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டார்கள்.

திடீரென்று ஹவா நின்றாள். "அண்ணி, கறுப்பு கையில ஒட்டவே இல்லியே!"

சிகுதானி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கறுத்த உள்ளங்கையை ஊருக்கெல்லாம் விரித்துக் காட்டுவார் மாமனார். 'பாட்டன் கொடுத்த அசல் கருங்காலி! எத்தனை வருஷமானாலும் கையில ஒட்டும். அதான் அசலுக்கு அடையாளம்!'

"அடுப்புக் கரியைத் தேய்ச்சிடலாமா?" என்றாள் ஹவா.

அதற்குள் வாசலில் செருமல். மாமனார்!

வந்தவர் தடியை வாங்கினார். தடவினார். உள்ளங்கையைப் பார்த்தார். மருமகளையும் ஒரு பார்வை பார்த்தார். அப்படியே குளிக்கப் போய்விட்டார்.

'தொலைஞ்சேன்' என்று நினைத்தாள் சிகுதானி.

மாப்பிள்ளையின் மாமா சிலும்பா மரக்கடை வைத்திருப்பவர். சாயங்காலம் வந்து பாயில் உட்கார்ந்ததுமே அவர் கண் தடிமேல் போனது.

"பார்த்தா கருங்காலி மாதிரிதான் இருக்கு. அசல்னா தண்ணியில முங்கணும். அம்மா, ஒரு வாளித் தண்ணி கொண்டா, போட்டுப் பார்த்துடுவோம்."

கதவுக்குப் பின்னால் ஹவா அண்ணியின் கையை நசுக்கினாள்.

நாலிங்கா தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஏன்யா, நீ பொண்ணு கேட்டு வந்தியா, என் தடியைக் குளிப்பாட்ட வந்தியா? உன் மருமகனைத் தூக்கி வாளியில போடு. முங்குறானா, மிதக்குறானான்னு அதையும் பார்த்துட்டுப் பேசுவோம்!"

சபை கொல்லென்று சிரித்தது. சிலும்பாவே தொடையைத் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் வாசலோரம் இருந்த வாளியை ஒரு மாதிரி பார்த்தான். தேங்காய்ச் சோறும் மீனும் காலியாவதற்குள் கல்யாணம் முடிவாகிவிட்டது.

விருந்தாளிகள் போனதும் கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது. "சிகுதானி! இங்க வா."

போனவள் தலையைக் குனிந்து நின்றாள். "மாமா, தப்புத்தான். ஆட்டை விரட்டப் போய் ஒடிஞ்சுடுச்சு. சபையில நீங்க என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க."

"உன் மானமா!" நாலிங்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சுத்தமாக இருந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"பாட்டன் தடியை நானே சின்ன வயசுல ஆத்துல தொலைச்சிட்டேன்மா. நீ ஒடிச்சது வெறும் கொய்யாக் கட்டை. வாராவாரம் அதுக்கு பூட்ஸ் பாலிஷ் தேய்ச்சேன், அதான் கையில கறுப்பா ஒட்டுச்சு. நீ என்னத்தம்மா பூசின, ஒட்டவே மாட்டேங்குதே?"