உலை ஆறும்வரை

செயற்கை இதயத்தின் பீங்கானை உலோகத்தோடு பற்றவைப்பவர்கள் நாங்கள். உலை ஆறும்வரை வீட்டுச் செய்தி எதையும் எங்களிடம் சொல்லமாட்டார்கள். பதற்றத்தில் சீக்கிரம் ஆறவைத்தால் ஒட்டு விரிசல் விடுமாம்.

காலையில்தான் தங்கை நளாயினியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வந்திருந்தேன். உலையின் சூடு இறங்குவதாகவே இல்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் மேற்பார்வையாளர் இக்னேஷியஸ் வந்து நின்றார். எப்போதும் வள்ளென்று விழுகிற மனிதர். இன்று, வாசலில் நான் கழற்றிப்போட்ட செருப்பைக் கையில் எடுத்து வைத்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, உலை ஆறிடுச்சு. கதவத் தொறங்க,” என்றாள் பக்கத்து உலையில் நின்ற ஷமீனா.

“இன்னும் ஆறல,” என்றேன்.

மறுபடி சூடேற்றினால் ஒட்டு பாழாகிவிடும். தெரிந்தேதான் பொத்தானை அழுத்தினேன்.