படகோனியாவில் காலை எட்டரை

பர்மியப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலோடு வார்டு அதிகாரி படியேறி வந்தபோது மாலை மணி ஆறு. பல்கீஸ் தேநீர் வைத்தாள்.

"உங்க மகன் மாஹிர் எங்கே?"

"தென் அமெரிக்காவோட கடைக்கோடியில, ஊலே," என்று அதிகாரியைப் பர்மிய வழக்கப்படி மாமா முறை சொல்லி அழைத்தாள். "படகோனியாவுல. டூரிஸ்ட்டுகளுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு மலை மலையாச் சுத்துறான்."

வீடியோ கால் போட்டுக் கொடுத்தாள். திரையில் கம்பளித் தொப்பியோடு மாஹிர் சிரித்தான். முதுகுக்குப் பின்னால் பனிமலையும் நீல ஏரியும்.

"அங்கே இப்ப என்ன நேரம், தம்பி?"

"காலை எட்டரை, ஊலே. வெயில் அடிச்சாலும் குளிர் விடல."

அதிகாரி தலையாட்டிவிட்டு, பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

அந்த நொடியில் லான்மடாவ் பேட்டை முழுக்கக் கரண்ட் போனது. காற்றாடி நின்றது, வீடு இருண்டது.

கைபேசிக்குள் படகோனியாவும் இருண்டது; அழைப்பு மட்டும் அறுபடவில்லை.

அதிகாரி அவசரப்படவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, உள்ளறைக் கதவைப் பார்த்தார்.